சம்பாசாக்குக்கு மழையிலேயே வாருங்கள்

சம்பாசாக், தெற்கு லாவோஸ்
ஆடி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே எல்லோரும் நலம். "மழைக்காலத்தில் எதற்கு, தை மாசியில் வருகிறோமே" என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம், ஆவணியிலேயே வாருங்கள். தையில் வருவது சுலபம்தான். சாலை காய்ந்திருக்கும், முழங்காலுக்கும் நல்லது. ஆனால் அப்போது வாட் பூ என்ற பழைய சிவன் கோயிலின் சுனை நூலாக இளைத்துவிடும். படிக்கட்டின் இருபுறமும் நிற்கும் சம்பா மரங்கள் (நம் ஊர் ஈழத்தலரி) இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மாசியில் காட்டையும் தரிசையும் கொளுத்துகிற புகை மலையை மூடிக்கொள்ளும். மாசி மகத்தன்று வரும் பௌர்ணமியில் கோயில் திருவிழா என்பது உண்மை. அந்தக் கூட்டத்தில் நெரிசல்தான் மிஞ்சும். சன்னதியை நின்று பார்க்க வழியில்லை. இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் தண்ணீரை நினைத்துக் கட்டினார்கள். தண்ணீர் ஓடும்போது பார்த்தால்தான் ஏன் இங்கே, ஏன் இப்படி என்பதெல்லாம் புரியும்.

முதலில் மழையைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவின் பயம் அதுதானே. அருகில் இருக்கும் பெரிய ஊரான பாக்சே பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பங்கு வைகாசியிலிருந்து புரட்டாசிக்குள் கொட்டி முடிந்துவிடும். நம் ஐப்பசி கார்த்திகை அடைமழை மாதிரி நாள் முழுக்க அழுதுகொண்டிருக்காது. பெரும்பாலான நாட்களில் காலை வெளிச்சமாக இருக்கும். மதியம் கறுத்து, மூன்று மணிக்கு மேல் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அடித்துப் பெய்து ஓயும். ஆகவே வெளிவேலை எல்லாம் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள். தென்சீனக் கடலில் புயல் எழுந்து வியட்நாமைத் தாண்டி வந்தால் மட்டும் கணக்கு மாறும். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 2019 செப்டம்பரில் தெற்கு லாவோஸின் பல பகுதிகள் மூழ்கியது அப்படித்தான். வியன்டியானில் உள்ள மேகாங் நதி ஆணையம் தினமும் நீர்மட்டம் வெளியிடுகிறது. பாக்சே அளவுகோலில் 11 மீட்டர் எச்சரிக்கை, 12 மீட்டர் வெள்ளம். அப்பா புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அதைப் பார்த்து வந்தால் போதும். ஒன்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பயணத்தைத் தள்ளிப் போடுவோம்.

எந்த நாளில் வருவது என்பதற்கு ஆவணி அமாவாசையைக் கணக்கில் வையுங்கள். அதற்கு மூன்று நாள் முன்னதாக வந்து, அடுத்த பௌர்ணமி கழித்துக் கிளம்பினால் மகாளய அமாவாசைக்கு அப்பா ஊரில் இருக்கலாம். பிள்ளையார் சதுர்த்தியை இங்கேயே கொண்டாடிவிடலாம். களிமண்ணுக்குப் பஞ்சமில்லை, அருகம்புல்லும் கிடைக்கும்.

அந்தப் பதினைந்து நாளை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஆடி வாக்கில் வரும் பௌர்ணமியில், நம் ஊரில் வியாச பூஜை செய்து சன்னியாசிகள் சாதுர்மாஸ்யம் தொடங்கும் அதே பௌர்ணமியில், இங்கே புத்த பிக்குகள் மழைத் தவம் புகுகிறார்கள். காவ் பன்சா என்பார்கள். மூன்று மாதம் இரவில் வேறு ஊரில் தங்காமல் ஒரே மடத்தில் இருக்க வேண்டும். நாற்று நட்ட வயலை மிதிக்காமல் இருப்பதற்கு என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். அன்று ஊரார் பெரிய மெழுகுவர்த்திகளும் மழையில் குளிக்க ஒரு துணியும் பிக்குகளுக்குக் கொடுப்பார்கள். அந்த மூன்று மாதத்தில் கல்யாணம் வைப்பது அரிது. ஊர் அடங்கி, மடங்களைச் சுற்றியே இயங்கும்.

அந்தத் தவ காலத்தின் நடுவில்தான் ஆவணி அமாவாசை. அது இறந்தவர்களுக்குச் சோறு வைக்கும் நாள், பூன் காவ் பதப் தின். முந்தின நாளே வாழையிலைப் பொட்டலங்கள் கட்டிவிடுவார்கள். ஒன்றில் ஒட்டரிசிச் சோறு, மீன் அல்லது இறைச்சி, பழம், இனிப்பு. இன்னொன்றில் வெற்றிலை, பாக்கு, புகையிலை. விடியற்காலை நான்கு மணிக்கு, பிக்குகள் எழுந்து வருவதற்கு முன், அவற்றை மடத்து மதிலோரம், மர வேர்களில், வெறுந்தரையில் வைத்துப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வழி தவறி அலையும் ஆவிகளுக்கும், கேட்பாரற்றுப் போனவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. மழை பெய்தால் சுடர் அணையும், படையல் நிற்காது. பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, காலையில் மடத்துக்குப் பிச்சையிடப் போவார்கள். அம்மா, நீங்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். நம் வழக்கத்துக்கும் இதற்கும் ஒரு மாத இடைவெளிதான். பதினைந்து நாள் கழித்து வரும் பௌர்ணமியில் இன்னொரு படையல், காவ் சலாக். அப்போது கொடுப்பவரின் பெயரும் இறந்தவரின் பெயரும் சீட்டில் எழுதிக் கூடையோடு மடத்தில் கொடுக்கிறார்கள்.

அந்தப் படையலுக்குச் செய்யும் காவ் தோம் அம்மாவுக்குப் பிடிக்கும், கையும் கொடுக்கலாம். ஒரு கிலோ ஒட்டரிசியை இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் வடித்து, இரண்டு தேங்காயின் முதற்பாலில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் சேர்த்துப் பால் வற்றும்வரை கிளற வேண்டும். அரிசி பாதிதான் வெந்திருக்கும். வாழையிலையைத் தணலில் வாட்டி, ஒரு கரண்டி அரிசி பரப்பி, நீளவாக்கில் பிளந்த பழத்துண்டு வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் அரிசி மூடி மடித்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி ஒரு மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். பழம் நம் கற்பூரவல்லிதான், இங்கேயும் அதே வாழை. நன்கு பழுத்ததாக இருக்க வேண்டும். காயாக இருந்தால் உள்ளே துவர்த்துப் போகும். இலையை வாட்டாமல் மடித்தால் கிழிந்து தண்ணீர் உள்ளே இறங்கி மேல்பகுதி கூழாகிவிடும்.

இனி கோயில். ஊரிலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டர் தென்மேற்கே, பூ காவ் மலையடிவாரத்தில் இருக்கிறது. மலை 1,400 மீட்டருக்கு மேல் உயரம். உச்சியில் இயற்கையாகவே லிங்க வடிவில் ஒரு பாறை நிற்கிறது. பழைய கல்வெட்டுகளும் சீனக் குறிப்புகளும் இதை லிங்கபர்வதம் என்றே சொல்கின்றன. கோயிலுக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் ஒரு பழைய நகரம் இருந்தது. இப்போது மண்மேடுகளும் செங்கல் துண்டுகளும்தான். 2001இல் இந்தப் பகுதி முழுவதையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கோயில் கிழக்கு நோக்கியது. துல்லியமாகச் சொன்னால் எட்டு டிகிரி தெற்கே சாய்ந்திருக்கிறது. மலையையும் ஆற்றையும் பார்த்து அச்சைத் தீர்மானித்திருக்கிறார்கள். கீழே ஏரியிலிருந்து மேலே சுனை வரை 1.4 கிலோமீட்டர். நடு ஏரி மட்டும் 600 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். அதைத் தாண்டி ஒரு நடைபாதை, அப்புறம் எதிரெதிரே இரண்டு செவ்வக மண்டபங்கள். அதற்கு அடுத்த மேடையில், தெற்குப் பக்கம், நந்திக்கு ஒரு தனிக்கோயில். கம்போடியாவின் அங்கோருக்குப் போன பழைய சாலை அங்கிருந்துதான் தொடங்கியது. பின் படிகள், இடையில் ஒரு துவாரபாலகர் (அவரைக் கோயில் கட்டிய ராஜா என்று நினைத்து இந்த ஊரார் மஞ்சள் துணி சுற்றிக் கும்பிடுகிறார்கள்), கடைசியாக ஏழு அடுக்குக் கல் ஏற்றம், அதன் மேல் சன்னதி.

லிங்கத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று அப்பா கேட்டிருந்தீர்களே, அது இங்கேதான் வருகிறது. சன்னதிக்குத் தென்மேற்கே அறுபது மீட்டர் தள்ளி, குடைந்து நிற்கும் பாறையின் அடியில் சுனை கசிகிறது. கல்லில் வாய்க்கால் வெட்டி அந்த நீரைச் சன்னதியின் பின்னறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்த லிங்கத்தின் மேல் இடையறாது விழும்படி செய்தார்கள். நம் சிவன் கோயில்களில் தாராபாத்திரம் தொங்கவிட்டுச் செய்வதை இங்கே மலையே செய்தது. பின்னறை செங்கல், முன்பகுதி மணற்கல், 11ஆம் நூற்றாண்டின் வேலை. இப்போது பின்னறை காலி, லிங்கம் இல்லை. முன்னால் புத்தர் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. வாய்க்கால் உடைந்து கிடக்கிறது. ஆனாலும் சுனை வற்றவில்லை, ஆவணியில் நன்றாகவே சொட்டும். மக்கள் தலையில் தெளித்துக்கொண்டு, புட்டியில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அம்மா ஒரு சின்னச் செம்பு கொண்டுவரலாம். குடிக்க மட்டும் வேண்டாம்.

அதே மலைநீர்தான் கோயிலின் வியாதியும். மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்துக்குக் குறுக்கே மேடை மேடையாக மண் நிரப்பி, செம்புரைக்கல்லால் தாங்குசுவர் எழுப்பியிருக்கிறார்கள். கட்டிய காலத்தில் உள்ளே புகும் நீர் வடியத் தூம்புகள் இருந்தன. நூற்றாண்டுகளில் அவை வண்டலால் அடைபட்டன. இப்போது நீர் சுவருக்குப் பின்னாலேயே தேங்கி, நிரப்பிய மண்ணைக் கனமாக்கிச் சுவரை வெளியே தள்ளுகிறது. அடியில் நுண்மணலை அரித்துக்கொண்டு போகிறது. சுண்ணாம்பு இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர் என்பதால், ஒரு மூலை இறங்கினால் முழு வரிசையும் சாயும். அந்தச் செவ்வக மண்டபங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நம் இந்தியத் தொல்லியல் துறை பல ஆண்டுகளாக இங்கே திருப்பணி செய்கிறது. கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்து, அடித்தளத்தையும் வடிகாலையும் சரிசெய்து, மறுபடி அதே இடத்தில் அடுக்குகிற வேலை. பொதுப்பணித் துறையில் மதகு பார்த்த கண்ணுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை போனால், எந்த வடிகால் ஓடுகிறது, எங்கே நீர் தேங்குகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வறண்ட மாதத்தில் இதில் ஒன்றுமே தெரியாது.

சிற்பங்களில் இவற்றை விடாதீர்கள்: சன்னதியின் கிழக்கு வாசல்கள் மூன்றிலும் மேலே பார்த்தால், தெற்கிலிருந்து வரிசையாகக் காளிங்கனை அடக்கும் கண்ணன், ஐராவதத்தில் இந்திரன், கருடன் மேல் திருமால். தெற்கு வாசலில் கம்சனைக் கிழிக்கும் கண்ணன். சன்னதிக்கு வடமேற்கே பாறையில் மும்மூர்த்திகள். நனைந்த மணற்கல்லில் கோடுகள் கறுத்துத் துலங்கும். உச்சி வெயிலில் தட்டையாகப் போய்விடும். இதுவும் மழைக்காலத்துக்கு ஒரு காரணம்.

ஏறுவதுதான் கஷ்டம், மறைக்கவில்லை. நுழைவிலிருந்து ஏரிக்கரை வழியாக மின்வண்டி கொண்டுபோய் விடும். அதற்கு மேல் கால்தான், டோலி கிடையாது. சுனை இருக்கும் இடம் அடிவாரத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரம். படிகள் குறுகல், பல இடங்களில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன, மேலே பாசி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, ஒரு படியில் இரண்டு காலும் வைத்துப் பிறகு அடுத்த படி. தோல் செருப்பும் தேய்ந்த ரப்பரும் கூடாது. அடியில் ஆழமான பள்ளம் உள்ள, குதிகாலில் வார் கட்டிய செருப்பு வேண்டும். குடை வேண்டாம், ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பொத்தான் போட்ட மழைக்கோட்டு நல்லது, காற்றில் பறக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை காலில் சிக்கும். அம்மாவால் முடியாவிட்டால் நந்தி மண்டபம் வரை வந்து அங்கே உட்காரலாம். அங்கிருந்து மேலே போகும் படிவரிசையும் பூத்து நிற்கும் சம்பா மரங்களும் முழுதாகத் தெரியும். உச்சி லிங்கத்தைப் பார்க்கக் கோயிலுக்கே போக வேண்டியதில்லை. அடிவாரத்தை விட ஆற்றங்கரையிலிருந்துதான் நன்றாகத் தெரியும். காலையில் மேகம் மூடியிருக்கும்; மாலை மழை விட்டதும் கொஞ்ச நேரம் விலகும், அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரும் வழி: சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து உபோன் ராட்சதானிக்கு விமானம் ஒரு மணி நேரம், இரவு ரயிலும் உண்டு, படுக்கை வசதியானது. உபோனிலிருந்து சோங் மெக் எல்லை. அந்தப் பக்கம் லாவோஸின் வாங் தாவ். அங்கிருந்து பாக்சே சுமார் 45 கிலோமீட்டர். தாய்லாந்துக்குள் நுழைய வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே முதல் அது கட்டாயம், வருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பலாம். லாவோஸ் விசாவுக்குப் புகைப்படமும் டாலரும் கையில் இருக்கட்டும். நோட்டு கிழிசல், மை, மடிப்புக்கோடு இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். விதிகள் மாறும், டிக்கெட் எடுப்பதற்கு முன் மறுபடி பார்த்துச் சொல்கிறேன். எல்லையை நான்கு மணிக்குள் கடந்துவிடுவது நல்லது. மாலை மழையில், இருட்டில், மாடுகள் படுத்திருக்கும் சாலையில் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. பாக்சேயில் வண்டியோடு நிற்கிறேன். அங்கேயே பணம் எடுத்துவிடலாம். சம்பாசாக்கில் இடி விழுந்து மின்சாரம் போனால் இயந்திரமும் நின்றுவிடும்.

அக்கரைக்கும் எதிரே இருக்கும் தோன் டேங் தீவுக்கும் போக, இரண்டு படகைப் பலகையால் இணைத்த தெப்பம் இருக்கிறது. ஆவணியில் ஆறு செம்மண் நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு வரும். படகுக்காரர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பேரம் பேசக் கூடாது. தெற்கே கோன் பாபெங் அருவிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். பல கிளையாகப் பிரியும் மேகாங் பாறையில் உடைந்து விழும் இடம். இந்த மாதங்களில்தான் அதன் முழு பலமும். அங்கே நதி டால்பின் காட்டுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அந்தப் பக்கத்து ஆற்று மடுவில் கடைசி டால்பின் 2022இல் இறந்துவிட்டது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. காய்கறிக் குழம்பு என்று சொன்னாலும் அதில் பாதேக் என்ற மீன் ஊறல் இருக்கும். கடையில் "போ சை பாதேக்" என்று சொல்லுங்கள், அதைப் போட மாட்டார்கள். "கின் ஜே" என்றால் சுத்த சைவம் என்று புரிந்துகொள்வார்கள். சந்தையில் இப்போது மூங்கில் குருத்து, காளான், வல்லாரை, கோவைக்கொழுந்து எல்லாம் மலிவு. மூங்கில் குருத்தை நறுக்கி, கொதித்த நீரை இரண்டு முறை கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும், உடம்புக்கும் கெடுதல். சாதாரண அரிசி கிடைக்கும், தேங்காய் கிடைக்கும். துவரம்பருப்பு கிடைக்காது. பச்சை மீனில் செய்யும் எதையும் அப்பா ருசிபார்க்கக் கூடாது, ஈரல் புழு வரும். ஆற்றில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம்.

டெங்கு உண்டு, பகலில் கடிக்கும் கொசு, ஆகவே முழுக்கை, கணுக்கால் மூடிய உடை. அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையை இருபத்தைந்து நாளுக்கு எடுத்து வாருங்கள், மருந்துச் சீட்டோடு. அவசரமென்றால் பாக்சே மருத்துவமனை. பெரிய காரியமானால் எல்லை தாண்டி உபோனுக்குப் போக வேண்டும். அதனால் பயணக் காப்பீடு தாய்லாந்து, லாவோஸ் இரண்டுக்கும் சேர்த்து எடுங்கள். ஒரு நாட்டுக்கு மட்டும் எடுத்தால் அந்த நேரத்தில் உதவாது.

கொண்டுவர வேண்டியவை: துவரம்பருப்பு இரண்டு கிலோ, சாம்பார்ப்பொடி, பெருங்காயம், காய்ந்த மணத்தக்காளி. பருத்தித் துணி குறைவாக எடுங்கள், இந்த ஈரத்தில் மூன்று நாளானாலும் காயாது. பாலியெஸ்டர் கலந்தது இரவிலேயே காய்ந்துவிடும். அம்மாவுக்கு இரண்டு சின்தெடிக் புடவை. மடத்துக்குப் போக அதுவே போதும், தோளை மூடினால் சரி. பிக்குகளின் மேல் கை படாமல் பாத்திரத்தில் மட்டும் இட வேண்டும். பாஸ்போர்ட்டையும் மாத்திரையையும் ஜிப் வைத்த பையில் போட்டு, உள்ளே ஒரு சின்னத் துணிமூட்டையில் வறுத்த அரிசி வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

புரட்டாசி ஐப்பசியில் தவம் முடியும்போது வாழைத்தண்டில் விளக்குப் படகு செய்து ஆற்றில் விடுவதும், ஒரே மரத்தில் குடைந்த நீளப் படகுகளின் பந்தயமும் நடக்கும். அது அடுத்த முறைக்கு. இந்த முறை அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு பாக்சே வந்து சேரும்படி டிக்கெட் பாருங்கள். நாள் முடிவானதும் எழுதுங்கள். தெப்பக்காரரிடமும், மடத்தில் படையல் பொட்டலத்துக்கு வாழையிலை கொடுப்பவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்